ஐஸில் நனைந்த விரல்களும் ஒரு பேசின் வெந்நீரும்

நிவேதா குரல்பதிவு அனுப்பியிருந்தாள். ராயபுரம் பல் ஆஸ்பத்திரியில் இருபத்திநான்கு வருஷம் நான் நின்ற இடத்தில் இப்போது நிற்கிற பெண். "அக்கா, ஸ்டோர் ரூம் ஒழிக்கறோம். பல் காட்ட வர்ற எல்லாருக்கும் சுகர் பாக்கறதுக்குன்னு தனி மூலையே குடுத்துட்டாங்க, புது மெஷின் வந்தாச்சு. அலமாரிக்கு அடியில ஒரு எனாமல் பேசின் கெடக்குது. வெள்ளை, நீலக் கரை, ஒரு பக்கம் நசுங்கி இருக்கு. எதுக்குன்னு யாருக்குமே தெரியல. எடைக்குப் போட்டுடவா?"

போடாதே என்று பதில் அனுப்பினேன். ஏன் என்று கேட்டாள். பேசிப் பார்த்தேன், மூன்று தடவை அழித்தேன். பேச்சில் அது அடங்கவில்லை. அந்த பேசினை நினைத்ததும் உள்ளங்கையில் வெதுவெதுப்பு ஏறியது, காதுக்குள் காசிமேட்டு மீன் ஏலம் கேட்க ஆரம்பித்துவிட்டது, உட்கார முடியாமல் எழுந்து ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கழுத்து எலும்பு தேய்ந்து விருப்ப ஓய்வு வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. டாக்டர் என்னைக் குனியக் கூடாது என்றார். நடக்கக் கூடாது என்று சொல்லவில்லை. நடந்துகொண்டே யோசித்ததை உட்கார்ந்து எழுதுகிறேன், நிவேதா. நீ கேட்டது பேசினைப் பற்றி. நான் சொல்லப் போவது லோகநாயகியின் நான்கு பற்களைப் பற்றி.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பல் டாக்டருக்குக் கூட நின்று உதவுகிற வேலைக்கு இரண்டு வருஷம், பிளாஸ்டரில் செய்த வாய்கள், அவை கடிக்கவும் மாட்டா, துப்பவும் மாட்டா. அதன் பிறகு உயிருள்ள வாய்கள். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள், எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்து நேராக வருகிறவர்கள், வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிய பெண்கள், மீன் கூடைக்காரிகள். வெளியே லாரி போனால் டம்ளரில் தண்ணீர் நடுங்கும் ஆஸ்பத்திரி அது. ஓர் அறக்கட்டளை நடத்தியது. இரண்டு நாற்காலி, ஒரு எக்ஸ்ரே, பியூலா டாக்டர், நான்.

பியூலா டாக்டருக்குத் தூத்துக்குடிப் பக்கம். அவர் குடும்பம் வண்ணாரப்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்தது. அந்த பேசின் அந்தக் கடையிலிருந்து வந்ததுதான். பல்செட்டுக்கு அளவெடுக்கும் மெழுகை வெந்நீரில் போட்டு இளக்குவோம், அதற்காக அவரே தூக்கிக்கொண்டு வந்தார். முப்பது வருஷம் வடசென்னையில் இருந்தும் அவர் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது. "என்ன செய்யுத? இங்க வா, பாரு" என்பார். எல்லோரிடமும் 'நீ'தான். கோபம் வந்தால் மட்டும் 'நீங்க'. "நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா" என்று அவர் மெதுவாகச் சொன்னால் நான் என் தப்பு என்னவென்று மனதுக்குள் பட்டியல் போட ஆரம்பிப்பேன். நோயாளியிடம் 'பயப்படாதீங்க' என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. செய்யப் போவதை ஒரு வரியில் சொல்வார், செய்வார், முடிந்தது என்பார். ஏதாவது பொருந்தவில்லை என்றால் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் பிடியால் ட்ரேயை இரண்டு தட்டுத் தட்டுவார். டக், டக். அந்தச் சத்தம் வந்தால் அறையே நிமிரும்.

சுகர் பார்ப்பதை ஆரம்பித்ததும் அவர்தான். ஒருநாள் சொந்தக் காசில் ஒரு மெஷினும் ஒரு டப்பா ஸ்ட்ரிப்பும் வாங்கி என் மேஜையில் வைத்தார். "சுகர் இருந்தா ஈறு கெடும். ஈறு கெட்டா சுகர் அடங்காது. ரெண்டும் கையைக் கோத்துக்கிட்டு நடக்கும். சுகர் பாக்க வான்னு கூப்பிட்டா ஒருத்தரும் வர மாட்டாங்க. பல்வலின்னா ஓடி வருவாங்கல்லா? வந்த இடத்துல பாத்துருவோம்."

எனக்குப் பிடித்துப்போனது. ஊசிமுனையளவு ரத்தம், மெஷின் ஐந்திலிருந்து ஒன்றுவரை எண்ணும், பிறகு ஒரு எண். தன்னைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்றை ஒரு மனிதனுக்கு ஐந்து நொடியில் சொல்கிற வேலை அது. சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே குடியிருந்த நோயைக் கதவைத் தட்டி வெளியே கூப்பிடுவது மாதிரி. ஐந்து மாதம் பார்த்தேன். தினமும் ஒவ்வொரு எண்ணுக்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

அந்த ஐந்தாவது மாதம் சித்திரை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய நான்காம் நாள். பெரிய போட்டெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்க, ஃபைபர் படகுகள் கொண்டுவருகிற கொஞ்சம் மீனுக்கு மட்டும் ஏலம். அந்த ஏலத்தை முடித்துவிட்டு நேராக வந்தாள் லோகநாயகி. நாற்பத்தேழு வயது. துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவள். புடவையில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"சிஸ்டரு, கீழ நாலு பல்லு ஆடுது. நாலையும் புடுங்கிட்டு செட்டு வச்சிக் குடு. தடை முடிஞ்சி பெரிய போட்டு கரைக்கு வர்ற அன்னிக்கி நான் கூவணும்."

பேசும்போது நாக்கை உள்ளிருந்து கீழ்ப்பற்களுக்கு முட்டுக் கொடுத்தாள். தாழ்ப்பாள் போன கதவைக் காலால் அழுத்திக்கொண்டு நிற்பது போல.

"கூவறதுக்கு என்னக்கா கஷ்டம்?" என்றேன்.

"இன்னா கஷ்டமா? வாயத் தொறந்து வேகமா எண்ணச் சொல்ல சொல்ல பல்லு நாக்குல வந்து குந்திக்கிது. வியாபாரிக்கு ஒண்ணும் வெளங்கல. பக்கத்துல செல்வின்னு ஒருத்தி கூவறா. சின்னப் பொண்ணு, நான் தொயில் சொல்லிக் குடுத்தவ. 'லோகாக்கா ஏழுன்றாளா எட்டுன்றாளா, அவ பல்லக் கேட்டு வாங்க'ன்னு சொல்லிச் சொல்லியே பாதி பேர இஸ்துகினு பூட்டா. பெரிய போட்டு வர்ற அன்னிக்கும் இப்பிடியே கூவுனன்னு வையி, போட்டுக்காரன் மீனையே அவகிட்ட குடுத்துடுவான். அப்பால நான் கூடை தூக்க வேண்டியதுதான்."

சரி என்று வழக்கப்படி விரலைப் பிடித்தேன். மீனைப் பிடித்தது போல் இருந்தது. புடவையில் துடைத்தாள், நான் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன், குத்தினேன். ரத்தம் வரவில்லை. ஐஸில் ஊறித் தடித்த விரல். கணுவிலிருந்து நுனிவரை அழுத்தி அழுத்திப் பிதுக்கினேன், தீர்ந்துபோன பேஸ்ட் டியூபைப் பிதுக்குவது மாதிரி. வெளிறிப்போன ஒரு துளி வந்தது. தொட்டது ஸ்ட்ரிப். நூற்று முப்பத்தொன்று. காலையில் இட்லி சாப்பிட்ட ஆளுக்கு நல்ல எண். 'நார்மல்' என்று எழுதினேன். இதை நினைவில் வைத்துக்கொள் நிவேதா. நான் எழுதினேன், என் கையால்.

பியூலா டாக்டர் வந்து உட்கார்ந்தார். வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். ப்ரோபை எடுத்தார், மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி அது, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்க. ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் தொட்டு எண்ணைச் சொல்வார், நான் எழுதுவேன். இரண்டு, மூன்று என்றால் ஈறு இறுகப் பிடித்திருக்கிறது. அதற்கு மேல் போகப் போக அஸ்திவாரம் கழன்று வருகிறது என்று அர்த்தம்.

"மூணு, நாலு, நாலு," என்றார். "நாலு, அஞ்சு, அஞ்சு. அஞ்சு, ஆறு, ஆறு."

முன்பற்களுக்கு வந்தார். "ஆறு, ஏழு, ஏழு."

லோகநாயகி கையைத் தூக்கினாள். டாக்டர் கம்பியை வெளியே எடுத்தார்.

"இன்னா டாக்டரம்மா, என் பல்ல ஏலம் வுடுறியா? ஏழுல நிக்கிது பாரு, எட்டுன்னு எவனாச்சும் கேக்கறானா?"

"வாயத் தொற," என்றார் டாக்டர். அடுத்த பல்லுக்குக் கம்பி இறங்கியது. "எட்டு."

"கேட்டுட்டான்," என்றாள் லோகநாயகி கம்பியோடே.

நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. தொட்ட இடத்திலெல்லாம் ரத்தம் குமிழ் குமிழாகக் கிளம்பியது, ஓர் இடத்தில் சீழும். அவர் என் தாளை எட்டிப் பார்த்தார்.

"சுகர் எவ்வளவு?"

"நூத்தி முப்பத்தொண்ணு, டாக்டர்."

டக், டக்.

"இந்த வாயி அப்படிச் சொல்லலையே."

எக்ஸ்ரேக்கு ஃபிலிம் எடுக்க அவர் உள்ளே போனார். எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது. அது என் குணம், என் கழுத்துக்கும் அதுதான் சத்ரு. எதிரே பற்களின் ஓரத்தில் ரத்தம் ஒரு துளியாக உருண்டு நின்றது, யாரும் குத்தாமல், யாரும் பிதுக்காமல், சிவப்பாக, முழுசாக. விரல் கொடுக்க மறுத்ததை வாய் தானாக நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்தேன். துளியில் தொட்டேன். உறிஞ்சிக்கொண்டது. ஐந்து. நான்கு. மூன்று. இரண்டு. ஒன்று.

இருநூற்று எண்பத்தெட்டு.

என் காதுக்குள் துறைமுகத்துச் சங்கு ஊதியது போல் இருந்தது. மெஷினைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் இருநூற்று எண்பத்தெட்டு. ஒரே பெண், ஒரே நாற்காலி, பத்து நிமிஷ இடைவெளியில் இரண்டு உடம்பு.

"கையில என்ன?" டாக்டர் வந்துவிட்டார். காட்டினேன். எங்கிருந்து எடுத்தேன் என்று சொன்னேன்.

"யாரக் கேட்டு இதச் செஞ்சீங்க?"

'நீங்க'. சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"அந்த மெஷினு விரல் ரத்தத்துக்குச் செஞ்சது. வாயில எச்சி இருக்கும், சீழு இருக்கும். இத நம்பி நீங்க ஒரு எழுத்து எழுதக்கூடாது. தெரியும்லா உங்களுக்கு?"

"தெரியும் டாக்டர்."

அவர் மெஷினை என் கையிலிருந்து வாங்கினார். திருப்பிக் கொடுக்கவில்லை. ட்ரேயைத் தட்டவும் இல்லை. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கோபம் மெல்ல வேறு ஒன்றாக மாறுவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"எச்சி கலந்தா கொறையணும்," என்றார் தனக்குத்தானே. "தண்ணி ஊத்துன பால் மாதிரி. இது கூடியில்லா இருக்கு." பிறகு லோகநாயகியிடம், "இப்ப எதாச்சும் இனிப்பு தின்னியா? டீ குடிச்சியா?"

"காலைல குடிச்சது. இப்பத்தானே கொப்பளிக்கச் சொன்ன."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். வெறுங்கையால் லோகநாயகியின் விரல்களைப் பிடித்தார். பிடித்தவர் என்னைப் பார்த்தார்.

"இந்தக் கையிலயா எடுத்த?"

"ஆமா டாக்டர்."

"ஈரமா இருந்துச்சா?"

யோசித்தேன். துடைத்தாள், ஆனால் துடைத்த புடவையே சொட்டிக்கொண்டுதான் இருந்தது. என் ஸ்பிரிட் காயவும் இல்லை. பிதுக்கும்போது வந்தது ரத்தம் மட்டும் இல்லை, சதைக்குள் இருக்கிற தண்ணீரும்தான். எல்லாம் சேர்ந்து அந்தத் துளியைக் கரைத்திருக்கிறது. நான் அளந்தது பாதி லோகநாயகி, பாதி காசிமேட்டு ஐஸ்.

"ஐஸ்லயே கை வச்சிக்கினு கீறவங்களுக்கு கை வேற எப்பிடி இருக்கும்?" என்றாள் லோகநாயகி. "இன்னாத்துக்கு இப்ப ரெண்டு பேரும் மொறச்சிக்கினு நிக்கிறீங்க?"

டாக்டர் மூலையைக் கைகாட்டினார். மெழுகு இளக்குகிற பேசின். கெட்டிலிலிருந்து ஊற்றினேன், ஆவி பறந்தது. லோகநாயகியின் கையை வைக்கப் போனேன்.

"நில்லு." டாக்டர் தன் முழங்கையைத் தண்ணீரில் முக்கிச் சட்டென்று எடுத்தார். "சுகர் இருக்க கைக்குச் சூடு தெரியாது. வெந்துபோன பொறவுதான் தெரியும். பச்சத்தண்ணி ஊத்து." ஊற்றினேன். மறுபடி முழங்கை. "இன்னும்." ஊற்றினேன். "இப்ப வையி."

வைத்தாள். சோப்புப் போட்டுக் கழுவினேன். ஒவ்வொரு விரலாக நீவினேன். வெளிறிய நகங்களுக்கு அடியில் மெல்ல ஒரு சிவப்பு திரும்பி வந்தது, அடுப்பு பற்றுவது மாதிரி. துணியில் ஒற்றி, காற்றில் ஆற விட்டு, விரல்நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினேன். பிதுக்கவே வேண்டியிருக்கவில்லை. முதல் துளியைத் துடைத்தேன். இரண்டாவது துளி கருஞ்சிவப்பாக உருண்டு வந்தது.

ஐந்து. நான்கு. மூன்று. இரண்டு. ஒன்று.

இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு.

டாக்டர் மூச்சு விட்டார். நான் விட மறந்தேன். அந்த நிமிஷத்தை நான் எப்படிச் சொல்வேன், நிவேதா. பயமும் வெட்கமும் சந்தோஷமும் மூன்றும் ஒரே வாசலில் முட்டி மோதிக்கொண்டு உள்ளே வந்தன.

லோகநாயகிக்கு இதில் எதுவுமே சந்தோஷமாக இல்லை.

"சுகரு கீறதா இருந்தா இருக்கட்டும். நீ பல்லப் புடுங்கு."

"இதுவும் தீர்ப்பு இல்ல," என்றார் டாக்டர். "நாளைக்கு வெறும் வயித்தோட வா, நரம்புல ரத்தம் எடுத்து லேப்ல பாக்கணும். சுகர் இருக்குன்னா மொதல்ல அதுக்கு மாத்திரை. அது அடங்க அடங்க நான் ஈறச் சுத்தம் பண்ணுதேன். ஆறு வாரம் குடு. இந்தச் சீழோட, இந்தச் சுகரோட இப்பப் புடுங்குனா குழி ஆறாது. தாடைக்குப் போயிரும்."

"ஒரு வாரம்," என்றாள் லோகநாயகி.

"ஆறு."

"ரெண்டு வாரம். அதுக்கு மேல கட்டாது."

"ஆறு."

"மூணு, போ. உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம்."

"ஆறு வாரம். அப்பவும் தடை முடிய ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும்."

"இன்னாமே, எறங்கவே மாட்டேங்கற? இது ஏலமா, போலீஸ் ஸ்டேஷனா?" நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டாள். "பல்லப் புடுங்க வந்தா ரத்தத்தப் புடுங்குறீங்க. வண்ணாரப்பேட்டைல ஒருத்தன் கீறான், குந்துனா புடுங்கிடுவான். நான் அங்க பாத்துக்கறேன்."

ஈரத் தடம் வாசல் வரை போய் நின்றது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். குரல் ரொம்ப மெதுவாக வந்தது. "அஞ்சு மாசமா ஐஸ் கைய இப்படியேதான் பாத்தீங்களா?"

நோயாளிகளின் நோட்டை எடுத்தேன். காசிமேடு, முகத்துவாரக்குப்பம் என்று விலாசம் போட்ட பெயர்களாகத் தேடினேன். மீன்காரப் பெண்கள். காலை வியாபாரம் முடிந்து நேராக வந்தவர்கள். லோகநாயகியைத் தவிரப் பதினொரு பேர். எல்லோருக்கும் என் கையெழுத்தில் ஒரே வார்த்தை: நார்மல், நார்மல், நார்மல். கடல் ஓரத்தில் வேலை செய்துகொண்டு கடல்காரிகளின் கை எப்படி இருக்கும் என்று யோசிக்காத பெண் நான். வேறு எந்த ஊரிலும் இந்தத் தப்பை யாரும் இப்படிப் பதினொரு தடவை செய்திருக்க முடியாது.

மத்தியானம் முழுக்கப் போன் போட்டேன். "வர்றேன் சிஸ்டரு" என்றார்கள். "அதான் நல்லா கீதுன்னு சொன்னியே" என்றார்கள். நல்லா இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பிறகு அதைத் திரும்ப வாங்க முடியாது போலிருக்கிறது. வந்தது இரண்டே பேர்.

மறுநாள் விடியும்போது காசிமேட்டில் நின்றேன். லோகநாயகி வண்ணாரப்பேட்டைக்குப் போய்விட்டால் என்னாகும் என்று ஆட்டோக்காரரை விரட்டிக்கொண்டே வந்திருந்தேன். அவள் ஏலக்குவியலுக்குப் பின்னால் நின்று கூவிக்கொண்டிருந்தாள். வேகம் பிடித்தது, எண்கள் ஏறின, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். பல் நாக்கில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வியாபாரி, "இன்னா சொன்ன, இன்னொரு வாட்டி சொல்லு" என்றான். பக்கத்தில் செல்வி தெளிவாக, கணீரென்று கூவினாள். ஆட்கள் நகர்ந்தார்கள். அவ்வளவுதான், ஓர் அடி நகர்ந்தார்கள். அந்த ஓர் அடியை லோகநாயகி பார்த்துக்கொண்டே நின்றாள்.

என்னைக் கண்டதும், "நீ ஏன் இங்க வந்த?" என்றாள்.

நியாயம் பேசத்தான் வந்தேன். வாயில் வந்தது வேறு. "அக்கா, நேத்து நான் தப்பு பண்ணிட்டேன். உன் ஈரக்கைல ரத்தம் எடுத்து 'நார்மல்'னு எழுதிட்டேன். டாக்டர் அத நம்பியிருந்தா நேத்தே நாலையும் புடுங்கியிருப்பாங்க. ஆறாம சீழ் வச்சி நீ கெடந்திருப்ப. என் தப்பு அது. உனக்கு மட்டும் இல்ல, இன்னும் பதினோரு பேருக்குப் பண்ணியிருக்கேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தப்பு எங்களுதுன்னு சொன்ன ஆஸ்பத்திரிய நான் இதுவரிக்கும் பாத்ததே இல்ல," என்றாள். ஐஸிலிருந்து கையை எடுத்து உதறினாள். "டீ கூட குடிக்கல இன்னும். எங்க ரத்தம் குடுக்கணும், காட்டு."

லேப் சொன்னது: சர்க்கரை நோய்தான், இன்று நேற்று வந்ததில்லை. பக்கத்து சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். இனிப்பு டீயை விட்டாள், அதற்காக என்னைத் திட்டினாள். வாயை நான்கு பாகமாகப் பிரித்து நான்கு தடவையில் ஈறுக்கு அடியில் படிந்ததை டாக்டர் சுரண்டி எடுத்தார். நான் உறிஞ்சுகுழாயைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றேன். ஆடுகிற நான்கு பற்களையும் பின்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டி ஒன்றோடொன்று கட்டினார். இரண்டாவது வாரம் கொஞ்சம் இறுகியது. மூன்றாவது வாரம் கோபித்துக்கொண்டு வராமல் இருந்தாள். நான்காவது வாரம் வந்து, "செல்வி இன்னா சொல்றா தெர்தா, எனக்கு சுகரு வந்து கண்ணு பூடுமாம்" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

ஆறாவது வாரம். கையை நீட்டினாள். வெந்நீர், சோப்பு, துணி, ஓரக்குத்து, இரண்டாம் துளி. நூற்று நாற்பத்தெட்டு. லேப்பும் இறங்கு முகம் என்றது. டாக்டர் ப்ரோபை எடுத்தார். நான் பேனாவை இறுக்கிப் பிடித்தேன்.

"மூணு, மூணு, மூணு. மூணு, நாலு, மூணு." முன்பற்கள். "நாலு, நாலு, அஞ்சு. நாலு, நாலு, நாலு."

லோகநாயகி கையைத் தூக்கினாள். கம்பி வெளியே வந்தது.

"ஏலம் எறங்குது டாக்டரம்மா. கேக்க ஆளில்ல போல."

பியூலா டாக்டர் முகமூடிக்குள் சிரித்தார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

ஒரு பல் மட்டும் எட்டிலேயே நின்றது. அதைக் காப்பாற்ற முடியாது என்றார். ஆறின ஈறு, அடங்கின சுகர், பயமில்லாமல் எடுத்தார். எடுத்த பல்லின் வேரைத் தறித்துவிட்டுத் தலையை மட்டும் தேய்த்து அதே இடைவெளியில் வைத்துப் பக்கத்துப் பற்களோடு ஒட்டினார். சொந்தப் பல், வேர் மட்டும் இல்லை. கண்ணாடியில் பார்த்த லோகநாயகி நாக்கை முட்டுக் கொடுக்காமல் ஒன்றிலிருந்து இருபது வரை வேகமாக ஓட்டினாள். எச்சில் தெறிக்கவில்லை, ஓர் எண்கூடச் சிதறவில்லை. அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கிளம்பும்போது கேட்டாள்: "அன்னிக்கி சொன்னியே பதினோரு பேரு. வந்தாளுங்களா?"

"ரெண்டு பேரு."

"பேரச் சொல்லு, நான் இட்டாறேன்."

"சொல்லக்கூடாதுக்கா. அவங்க விஷயம் அது."

தலையாட்டிவிட்டுப் போனாள்.

தடை முடிந்தது. போட்டுகள் போய்த் திரும்பிய முதல் விடியலில் நானும் துறைமுகத்தில் இருந்தேன். லீவு சொல்லவில்லை, ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறேன் என்று மட்டும் டாக்டரிடம் சொன்னேன். "அந்த ஒட்டுன பல்லப் பாத்துட்டு வா" என்றார். அப்படி ஒரு கூட்டம், அப்படி ஒரு வாடை, ஐஸ் உடைக்கிற சத்தம், வேன்களின் ஹார்ன். வஞ்சிரம் மலையாகக் குவிந்திருந்தது. லோகநாயகி குரலை எடுத்தாள். எண்கள் படபடவென்று படியேறின, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாக, துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரிச் சுத்தமாக. போன ஆட்கள் ஓர் அடி திரும்பி வந்தார்கள். பிறகு இன்னொரு அடி.

முதல் குவியல் போனது. அடுத்ததை அவள் ஆரம்பிக்கவில்லை. பெட்டி ஒன்றின்மேல் ஏறி நின்றாள். ஏலக்குரலிலேயே சொன்னாள்.

"ஐஸ்ல கை வச்ச பொம்பளைங்க அத்தினி பேரும் கேட்டுக்கங்க. எனக்கு சுகரு கீது. முந்நூறு இருந்துச்சி, எனக்கே தெரியாது. இந்த ஈரக்கைல ரத்தம் எடுத்தா மெஷினு பொய் சொல்லுது. நல்லா கீதுன்னு சொன்னத நம்பாதீங்க, ஒரு வாட்டி வந்து வெந்நீர்ல கை வச்சிக் காட்டுங்க. ராயபுரம் பல்லாஸ்பத்திரி. என் பல்லு நிக்கிது பாரு." உதட்டைக் கீழே இழுத்துக் காட்டினாள். "எவளாச்சும் சிரிச்சா அவளுக்கு மொதல்ல கீது."

செல்விதான் சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

அன்று பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் மீன்கூடைகள் வரிசையாக நின்றன. நோட்டில் மிச்சமிருந்த ஒன்பது பேரில் ஏழு பேர் இருந்தார்கள். நோட்டில் இல்லாதவர்கள் அதைவிட அதிகம். கெட்டில் ஓயாமல் கொதித்தது. பேசின் ஒன்றுதான், இரண்டு இரண்டு பேராகக் கைகளை முக்கினார்கள், தண்ணீரில் செதில் மிதந்தது, மாற்றினேன், மறுபடி மிதந்தது. நான் 'நார்மல்' என்று எழுதியவர்களில் மூன்று பேருக்கு அது நார்மல் இல்லை. அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அடித்தது தெரியட்டும் என்று ஒரே ஒரு கோடு மட்டும் போட்டேன்.

வரிசையின் கடைசியில் செல்வி நின்றாள். முப்பத்தொரு வயது, நல்ல பற்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல, சொம்மாதான் வந்தேன்" என்றாள். லோகநாயகிதான் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பேசினுக்குள் வைத்தாள். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. மெஷினை நான் செல்விக்கு மட்டும் காட்டினேன். அவள் தண்ணீருக்குள் கையைத் திரும்ப விட்டுக்கொண்டாள், குளிர்கிறது என்பது போல. லோகநாயகி எண்ணைக் கேட்கவில்லை. கெட்டிலை எடுத்து வெந்நீர் ஊற்றப் போனாள். ஊற்றுவதற்கு முன் நின்று, டாக்டர் செய்வதைப் பார்த்திருந்தவள், தன் முழங்கையை முக்கிப் பார்த்தாள்.

நிவேதா, அந்த மூலையில் புது மெஷினுக்குப் பக்கத்தில் பேசினை வை. நசுங்கிய பக்கம் சுவரோரம் இருக்கட்டும், அப்போதுதான் ஆடாது.